பாம்புக்கடிக்குக் குதிரை தரும் மருந்து

பசு ஈன்றதும் முதலில் சுரக்கும் சீம்பாலைக் கன்றுக்குக் காலம் தாழ்த்தாமல் ஊட்ட வேண்டும் என்பதை உழவர் வீட்டில் அறியாதவர் இல்லை. ஏன் ஊட்ட வேண்டும் என்று கேட்டால், "சத்து நிறைந்தது" என்பார்கள். அது உண்மையே. ஆனால் சத்தைவிட முக்கியமான பொருள் ஒன்று சீம்பாலில் இருக்கிறது. அதே வகைப் பொருள்தான் பாம்பு கடித்தவரையும் வெறிநாய் கடித்தவரையும் காப்பாற்றும் மருந்தாகக் குப்பிகளில் அடைக்கப்பட்டு அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது.

இது மருத்துவர் எழுத வேண்டிய செய்தி ஆயிற்றே, உழவியல் ஆசிரியர் ஏன் எழுதுகிறார் என்று நீங்கள் கேட்கலாம். பாம்புக்கடி பெரும்பாலும் உழவுத் தொழிலைச் சார்ந்த விபத்து. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்தனர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். இறப்புகளில் ஏறத்தாழ பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நேர்ந்தவை. ஆகவே உரம், பூச்சி மருந்து ஆகியவற்றைத் தெரிந்துவைத்திருப்பது போலவே இந்த மருந்தையும் உழவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சீம்பாலில் இருப்பது என்ன?

நம் உடலிலும் கால்நடைகளின் உடலிலும் நோய்க்கிருமியோ அயல் நஞ்சோ புகுந்தால், அதை எதிர்க்க இரத்தத்தில் ஒருவகைப் புரதம் உண்டாகிறது. இதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். மருத்துவர்கள் 'ஆன்டிபாடி' என்பார்கள்.

மனிதக் குழந்தைக்கு இந்த எதிர்ப்பொருளில் ஒரு பகுதி தாயின் வயிற்றிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்துவிடும். பசுவின் நஞ்சுக்கொடி அதை விடுவதில்லை. ஆகவே கன்று ஏறக்குறைய எதிர்ப்பாற்றல் இல்லாமலே பிறக்கிறது. தாயின் எதிர்ப்பொருள் சீம்பால் வழியாகத்தான் கன்றுக்கு வர வேண்டும். பிறந்த சில மணி நேரம் மட்டுமே கன்றின் குடல் இந்தப் புரதத்தைச் சிதைக்காமல் அப்படியே இரத்தத்துக்குள் விடும். நேரம் செல்லச் செல்ல அந்த வழி அடைபடும். 24 மணி நேரத்தில் முற்றிலும் மூடிவிடும். 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் 3 லிட்டர் சீம்பால் தர வேண்டும். அதிலும் முதல் பாகத்தைப் பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும். 'நஞ்சு விழட்டும், பிறகு ஊட்டலாம்' என்று காத்திருப்பது தவறு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓர் உயிரின் உடலில் உண்டான எதிர்ப்பொருள் இன்னோர் உயிரின் உடலுக்குள் சென்று அதைக் காக்கிறது. பாம்புக்கடி மருந்தின் அடிப்படையும் இதுவே.

எதிர்ப்பொருள் எவ்வாறு வேலை செய்கிறது?

எதிர்ப்பொருளின் வடிவத்தை அறியச் சிறுவர்கள் உண்டிவில் செய்ய வெட்டும் கவட்டைக் கம்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு கிளைகள், கீழே ஒரு காம்பு. இரண்டு கிளைகளின் நுனியும் பற்றிக்கொள்ளும் கைகள். ஆனால் அந்தக் கைகள் எதை வேண்டுமானாலும் பற்றா. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல, எந்தப் பொருளை எதிர்க்க அது உண்டானதோ, அந்தப் பொருளைத்தான் பற்றும். நல்ல பாம்பின் விஷத்துக்கு எதிராக உண்டானது கண்ணாடி விரியனின் விஷத்தைப் பற்றாது.

பாம்பின் விஷமும் பெரும்பகுதி புரதங்களால் ஆனதே. எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொண்டதும், நரம்பிலோ இரத்தத்திலோ தன் வேலையைச் செய்ய விஷத்துக்கு வழியில்லாமல் போகிறது. பிறகு உடல் அதை மெல்ல அகற்றிவிடுகிறது.

விதையும் விளைந்த நெல்லும்

தடுப்பூசி வேறு, எதிர்ப்பொருள் ஊசி வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர்.

தடுப்பூசி என்பது விதை போன்றது. வலுவிழந்த கிருமியையோ அதன் ஒரு பகுதியையோ உடலில் செலுத்துகிறோம். உடல் அதைக் கண்டு தானே எதிர்ப்பொருளை விளைவித்துக்கொள்கிறது. இதற்கு நாட்கள் ஆகும். ஆனால் விளைந்தபின் நெடுங்காலம் பயன் தரும்.

எதிர்ப்பொருள் ஊசி என்பது விளைந்த நெல் போன்றது. வேறு உடலில் விளைந்ததை அறுத்து எடுத்து வந்து தருகிறோம். இன்றைய பசிக்கு இன்றே உதவும். ஆனால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். விஷம் ஏறிக்கொண்டிருக்கும்போது விதைத்துக் காத்திருக்க நேரம் இல்லை அல்லவா? அதனால்தான் பாம்புக்கடிக்கு எதிர்ப்பொருள் தேவைப்படுகிறது.

இந்த வழியை உலகுக்குக் காட்டியவர்கள் ஜெர்மனி நாட்டின் எமில் வான் பெரிங், ஜப்பான் நாட்டின் கிட்டசாட்டோ ஆகிய இருவர். 1890-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் இவர்கள் தொண்டை அடைப்பான், இசிவு நோய் ஆகியவற்றின் நஞ்சை விலங்குகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்திப் பழக்கினர். அந்த விலங்கின் இரத்த நீர் வேறொரு விலங்கையும் அந்நஞ்சிலிருந்து காத்தது. மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் பெரிங்குக்கு வழங்கப்பட்டது.

பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் இதைப் பாம்பு விஷத்துக்குப் பயன்படுத்தினார். அவர் வியட்நாமின் சைகோன் நகரில் பணியாற்றியபோது, வெள்ளத்துக்குத் தப்பி ஊருக்குள் புகுந்த நாகங்கள் பலரைக் கடித்தன. அதன்பின் விஷத்தை ஆராயத் தொடங்கிய அவர், 1890-களின் நடுவில் குதிரைகளைக் கொண்டு விஷமுறிவு மருந்தை உருவாக்கினார். நாகத்தின் விஷத்துக்காகச் செய்த அந்த மருந்து எல்லாப் பாம்புக்கும் உதவும் என்று முதலில் நம்பினர். பிரேசில் நாட்டுப் பாம்புகளின் விஷத்தை அது முறிக்கவில்லை என்று அந்நாட்டு மருத்துவர் விட்டல் பிரேசில் காட்டினார். ஒவ்வொரு நாடும் தன் பாம்புகளுக்கு ஏற்ற மருந்தைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று.

நம் நாட்டு மருந்து

நம் நாட்டில் உயிரிழப்புக்குப் பெரிதும் காரணமானவை நான்கு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கின் விஷத்தையும் ஒருங்கே முறிக்கும் ஒரே மருந்துதான் இந்தியாவில் தயாரிக்கப்படுகிறது. ஆகையால் எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் சிகிச்சை தொடங்கலாம். கடித்த பாம்பைத் தேடிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியதில்லை. அவ்வாறு தேடும்போது இரண்டாவது ஆளும் கடிபடுவதுண்டு.

இம்மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நம் தமிழ்நாட்டிலிருந்தே செல்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கப்பட்டது. முன்பு பாம்புத் தோல் வாணிபத்துக்காகப் பாம்பு பிடித்து வந்த இருளர்கள், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த தடைகளும் வந்தபின் பிழைப்பை இழந்தனர். அதே திறமையை உயிர் காக்கும் வேலைக்குத் திருப்பியது இச்சங்கம். பாம்புகளைச் சில வாரங்கள் வைத்திருந்து, விஷம் எடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இத்தொழிலில் சிறந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

எடுத்த விஷம் உலர்த்தப்பட்டு, மகாராஷ்டிரம், தெலங்கானா முதலிய மாநிலங்களில் உள்ள மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்கே நலமுள்ள குதிரைகளுக்கு விஷத்தை மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் செலுத்தி, வாரக்கணக்கில் அளவைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். குதிரையின் உடல் விஷத்தைத் தாங்கப் பழகி, எதிர்ப்பொருளை நிறைய உண்டாக்கும். பிறகு அதன் இரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்து, தெளிந்த நீரைப் பிரிப்பார்கள். சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பிச் செலுத்துவதும் உண்டு.

பிரித்த நீரில் பெப்சின் என்னும் செரிமானப் பொருளைச் சேர்த்து, கவட்டையின் காம்பை மட்டும் அகற்றுவார்கள். விஷத்தைப் பற்றும் கைகள் அப்படியே இருக்கும். காம்பை நீக்குவதால் மருந்தின் ஒவ்வாமைத் தொல்லை குறைகிறது. இறுதியில் உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, 10 மில்லி அளவுக்குக் கரைத்துக்கொள்ளும்படி குப்பிகளில் அடைக்கிறார்கள்.

எத்தனை குப்பி தேவை?

"எங்கள் ஊர்க்காரருக்குப் பத்து ஊசி போட்டார்கள், அத்தனை எதற்கு?" என்று கேட்போர் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லி மருந்து கண்ணாடி விரியனின் 0.6 மில்லிகிராம் விஷத்தை முறிக்கும். ஆகவே 10 மில்லி கொண்ட ஒரு குப்பி 6 மில்லிகிராமை முறிக்கும். இப்பாம்பு ஒரு கடியில் செலுத்தும் விஷம் சராசரியாக 63 மில்லிகிராம். 63-ஐ 6-ஆல் வகுத்தால் பத்துக்குச் சற்று மேல் வருகிறது. விஷம் ஏறியதற்கான அறிகுறி உள்ளவர்களுக்கு முதல் தவணையிலேயே 8 முதல் 10 குப்பிகள் வரை தரப்படுவது இக்காரணத்தால்தான்.

குழந்தைக்கும் இதே அளவுதான். கடிபட்டது குழந்தை என்பதால் பாம்பு குறைந்த விஷத்தைச் செலுத்துவதில்லை. மருந்து முறிக்க வேண்டியது விஷத்தையே. ஆளின் எடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கருவுற்ற பெண்களுக்கும் இம்மருந்து தரப்படுகிறது.

மருத்துவமனையில் ஒரு சிறு சோதனை செய்வார்கள். 2 மில்லி இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். அதற்குள் இரத்தம் உறையாமல் நீராகவே இருந்தால் விரியனின் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். விஷம் ஏறாத கடியும் உண்டு. அத்தகையோருக்கு இம்மருந்து தேவையில்லை. ஆயினும் 24 மணி நேரம் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும். "ஒன்றும் இல்லை" என்று பாதியில் அழைத்து வந்துவிடாதீர்கள்.

குதிரைப் புரதம் நம் உடலுக்கு அயல் பொருள். ஆதலால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல், இரத்த அழுத்தக் குறைவு ஆகியவை உண்டாகலாம். அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே மருத்துவர் இதைத் தருவார். மருந்து இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தப்பட வேண்டியது. எனவே இதை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

மருந்தால் இயலாதவை

நேரத்தின் அருமையை உணர இந்தப் பகுதியை ஊன்றிப் படியுங்கள். இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் எதிர்ப்பொருள் பற்றும். விஷம் ஏற்கெனவே செய்துவிட்ட கேட்டை அது சீர்செய்யாது. அழுகிய சதை மீளாது. பழுதுபட்ட சிறுநீரகம் இந்த மருந்தால் நேராகாது.

கட்டுவிரியனின் விஷம் நரம்பு நுனிக்குள் புகுந்துவிட்டால், பிறகு எத்தனை குப்பி மருந்து தந்தாலும் அங்கே எட்டாது. மூச்சுத் தசைகள் செயலிழக்கும். நரம்பு தானே தேறும்வரை, செயற்கைச் சுவாசக் கருவியில் பல நாட்கள் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும். இப்பாம்பு பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ அதிகம் இராது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, இமை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை ஆகியவை கண்டால், வேறு காரணம் தேடிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மலைத்தோட்டங்களில் உள்ள குழிவிரியன்களுக்கு இந்த மருந்து ஏற்றதன்று. ஒரே இனப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் சற்று மாறுபடுவதால், நம் பகுதி விஷத்தைக் கொண்டு செய்த மருந்து வேறு மாநிலங்களில் குறைவாகப் பயன் தருவதும் உண்டு. இக்குறைகளை நீக்க ஆய்வுகள் நடந்து வருகின்றன.

கடிபட்டால் செய்ய வேண்டியவை

1. கடிபட்டவரை அமைதிப்படுத்துங்கள். ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். தசை அசைய அசைய விஷம் விரைந்து பரவும்.

2. மோதிரம், மெட்டி, கொலுசு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் கண்டபின் கழற்ற இயலாது.

3. கை அல்லது கால் முறிந்தால் செய்வது போல, கடிபட்ட உறுப்புக்குப் பக்கத்தில் மரச்சட்டம் வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, அசையாமல் வையுங்கள்.

4. உடனே 108 எண்ணை அழையுங்கள். வண்டி வரத் தாமதமாகும் என்றால் கிடைத்த வாகனத்தில் புறப்படுங்கள்.

5. கடித்த நேரத்தையும் அறிகுறிகள் தோன்றிய நேரத்தையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள். இரத்த ஓட்டம் நின்று உறுப்பே அழுகிவிடக்கூடும். கடிவாயைக் கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், சூடு போடுவதும் கேடு விளைவிக்கும். இரத்தம் உறையாத நிலையில் கீறிய இடத்திலிருந்து குருதி நில்லாது ஒழுகும். மந்திரிக்கவும் பச்சிலை கொடுக்கவும் அழைத்துச் சென்று நேரத்தைப் போக்காதீர்கள். அங்கே சென்று பிழைத்தவர்கள் பெரும்பாலும் விஷமற்ற பாம்பு கடித்தவர்கள், அல்லது விஷம் ஏறாத கடி பெற்றவர்கள். அவர்கள் பிழைத்ததைப் பார்த்து நம்பிப் போய், உண்மையில் விஷம் ஏறியவர் வழியிலேயே உயிரிழக்கிறார்.

வயலிலும் வீட்டிலும் முன்னெச்சரிக்கை

எலி உள்ள இடத்துக்குப் பாம்பு வரும். வரப்புகளைக் குறுக்கி, எலி வளைகளை வெட்டி அழித்தால் பயிரும் பிழைக்கும், பாம்பின் வரவும் குறையும். கரும்புத் தோட்டத்தில் சோகை உரிக்கும்போதும், நெல் அறுவடையின்போதும், நிலக்கடலைக் குவியலைப் புரட்டும்போதும் கையை முதலில் நீட்டாமல், ஒரு கோலால் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் நீர் பாய்ச்சச் செல்லும்போது முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் காலணியும் டார்ச் விளக்கும் கட்டாயம் இருக்க வேண்டும். வைக்கோல் போர், விறகு, செங்கல் அடுக்கு ஆகியவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தரையில் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில் படுங்கள். கொசுவலையைப் பாயின் அடியில் செருகிப் படுத்தால் கொசுவுடன் கட்டுவிரியனும் தடைபடும்.

வெறிநாய்க்கடிக்கும் இதே வழி

வெறிநாய்க்கடியில் விதையும் நெல்லும் ஒன்றாகத் தேவைப்படுகின்றன. காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு தடுப்பூசி, அதாவது விதை. அது விளைய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இரத்தம் கசியும் ஆழ்ந்த கடியில் அதுவரை பொறுத்திருக்க இயலாது. ஆகவே எதிர்ப்பொருள் மருந்தைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்துவார்கள். "தடுப்பூசி போட்டாகிவிட்டது, காயத்தில் எதற்கு இன்னொன்று?" என்று மறுக்காதீர்கள். இந்நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதிலும் அரிது.

இந்த மருந்து முன்பு குதிரையிலிருந்தோ மனித இரத்தத்திலிருந்தோதான் கிடைத்தது. 1975-இல் கோலர், மில்ஸ்டீன் என்னும் இருவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரு புதுவழி கண்டனர். ஒரே வகை எதிர்ப்பொருளை மட்டும் ஓயாது சுரக்கும் உயிரணுக்களை அவர்கள் உருவாக்கினர். 1984-இல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று இவ்வழியில் செய்த எதிர்ப்பொருள்கள் மார்பகப் புற்றுநோயின் ஒரு வகைக்கும் மூட்டுவாத நோய்க்கும் மருந்தாக உள்ளன. வெறிநாய்க்கடிக்கும் இவ்வகை மருந்து நம் நாட்டிலேயே தயாராகிறது. பாம்பு விஷத்துக்கும் இதே போன்ற எதிர்ப்பொருள் ஒன்றைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கி, எலிகளில் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டனர். அது மனிதருக்கு வரும்வரை குதிரை தரும் மருந்தே நமக்குத் துணை.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று

இந்தியாவில் பாம்புக்கடி இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க 2024-இல் மத்திய அரசு ஒரு செயல்திட்டம் அறிவித்தது. தமிழக அரசும் அவ்வாண்டிலேயே பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றுள் சேர்த்தது. ஆனால் திட்டம் எதுவாயினும், கடிபட்டவரை மருத்துவமனை வாயிலுக்குக் கொண்டு சேர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் உங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளதா, இரவில் மருத்துவர் இருப்பாரா, இல்லையெனில் அடுத்து எந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று கேட்டறியுங்கள். அந்த விவரத்தை வீட்டுச் சுவரிலும் மோட்டார் கொட்டகையிலும் எழுதிவையுங்கள். உங்கள் வயலில் வேலை செய்வோருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். நள்ளிரவில் யாரேனும் கடிபட்டால், எங்கே போவது என்று தேடுவதில் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது.